ஹெல்பிளேசரை எந்த வாசல் வழியாக நுழைந்து படிப்பது

என் அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "சித்தி, ஹெல்பிளேசர் முந்நூறு இதழ் இருக்காமே. ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்து மூன்று தடவை பாதியில் விட்டவள் நான். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். நீண்ட நாள் ஓடும் மாந்திரீக காமிக்ஸ் ஒன்று புதுக் கதாசிரியர், புது ஓவியர் கைக்குப் போகும்போது அதை எப்படிப் பிடித்துப் படிப்பது, எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இது. ஹெல்பிளேசரை வைத்தே சொல்கிறேன். கை மாறிக்கொண்டே ஓடிய தொடர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

ஒரு சின்ன விஷயம் முதலில். கதாநாயகன் பெயர் ஜான் கான்ஸ்டன்டைன், மந்திரம் தெரிந்த லண்டன் ஏமாற்றுக்காரன். காமிக்ஸில் "டைன்". 2005இல் கியானு ரீவ்ஸ் நடித்து வந்த படத்தில் "டீன்" ஆக்கிவிட்டார்கள். மஞ்சள் முடியையும் கறுப்பாக்கி, லண்டன்காரனை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

சரி, ஒன்றாம் இதழ் ஏன் வேண்டாம்? மோசம் என்பதால் இல்லை. 1988 ஜனவரி தேதியிட்ட அந்த இதழை ஜேமி டெலானோ எழுதினார், ஜான் ரிட்ஜ்வே வரைந்தார். பசியே உருவான ஒரு பேயும், போதைக்கு அடிமையான ஒரு நண்பனும் வரும் கதை. இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் எறும்புச் சாரை மாதிரி எழுத்து. அதோடு, கான்ஸ்டன்டைன் அதற்கு மூன்று வருடம் முன்பே பிறந்துவிட்டான். 1985இல் ஆலன் மூர் எழுதிய ஸ்வாம்ப் திங் தொடரின் 37ஆம் இதழில், பாடகர் ஸ்டிங் முகச்சாயலில் ஓவியர்கள் வரைய ஆசைப்பட்டதால் உருவானவன். ஆகவே முதல் இதழிலேயே நமக்குத் தெரியாத பழைய பகை, பழைய காதல் எல்லாம் பின்னால் ஓடுகிறது. மூன்றாம் இதழில் 1987 பிரிட்டிஷ் தேர்தல் நடக்கும் இரவு. ஆன்மாக்களைப் பங்குச்சந்தை மாதிரி வாங்கி விற்கும் பேய்கள் அப்போதைய பிரதமர் தாட்சர் ஜெயிக்க வேண்டும் என்று காத்திருக்கின்றன. அந்தக் கால இங்கிலாந்து தெரிந்தவர்களுக்கு அது விருந்து. முதல் தடவை படித்தபோது எனக்குப் பாதி புரியவில்லை.

நான் சொல்லும் வழி: ஆள் மாறிய இடத்தில் நுழையுங்கள்.

இந்த மாதிரித் தொடரில் கதாபாத்திரத்துக்குச் சொந்தக்காரர் பதிப்பகம்தான். எழுதுகிறவரும் வரைகிறவரும் குடியிருக்க வந்தவர்கள். புதிதாகக் குடிவந்தவர் முதல் வேலையாக வாசலைப் பெருக்கி, விளக்குப் போட்டுவைப்பார். பழைய வாசகர் போய்விடக்கூடாது, புதியவரும் உள்ளே வரவேண்டும் என்கிற பயம் அவருக்கு இருக்கும். அதனால் அறிமுகம், ஆளின் குணம், ஊரின் வாசனை எல்லாவற்றையும் முதல் இதழிலேயே திரும்ப எடுத்துவைப்பார். நமக்கு வேண்டியது அதுதானே.

ஹெல்பிளேசரில் அப்படிப்பட்ட வாசல்கள் எண்ணோடு: 41இல் கார்த் என்னிஸ், 89இல் பால் ஜென்கின்ஸ், 134இல் வாரன் எல்லிஸ், 146இல் பிரையன் அசரெல்லோ, 175இல் மைக் கேரி, 216இல் கிளாஸ்கோ குற்றக்கதை எழுத்தாளர் டெனிஸ் மினா, 230இல் ஆண்டி டிகிள், 251இல் பீட்டர் மில்லிகன். 2013இல் 300ஆம் இதழோடு அந்தத் தொடர் நின்றது. அப்புறம் 2019 நவம்பரில் சைமன் ஸ்பரியரும் ஓவியர் ஆரன் கேம்பெல்லும் புதிதாக ஒன்றிலிருந்து எண் போட்டு ஆரம்பித்தார்கள்.

நடுநடுவே ஒண்டவந்த விருந்தாளிகளும் உண்டு. உதாரணமாக 85 முதல் 88 வரை எடி கேம்பெல். இவர்கள் சில இதழ் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் சுற்றில் இவர்களைத் தாண்டிப் போங்கள். பிறகு திரும்பி வரலாம். 27ஆம் இதழை மட்டும் தாண்டவேண்டாம். நீல் கெய்மன் எழுதி டேவ் மெக்கீன் வரைந்த ஒற்றைக் கதை, குளிரில் செத்த ஒரு வீடற்ற மனிதனைப் பற்றியது. எதற்கும் முன்னும் பின்னும் படிக்கலாம்.

எந்த வாசல் என்று கேட்டால், பதில் 41தான். ஆனால் 41ஐத் திறப்பதற்கு முன் 40ஐப் படியுங்கள். இது கொஞ்சம் விசித்திரமான யோசனை என்று தெரியும். புது ஆள் என்ன செய்தார் என்பது பழைய ஆள் எதை விட்டுப்போனார் என்று தெரிந்தால்தான் தெரியும். 40 டெலானோவின் விடைபெறும் இதழ். டேவ் மெக்கீன் ஓவியம், கனவு மாதிரி குழைந்த பக்கங்கள், பிறக்காமல் போன இரட்டைச் சகோதரன் பற்றிய தத்துவம். அதை மூடிவிட்டு 41ஐத் திறந்தால், ஒரு மனிதன் இருமுகிறான். ரத்தம் வருகிறது. நுரையீரல் புற்றுநோய், கடைசிக் கட்டம்.

அவ்வளவுதான். தத்துவம் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. பல வருடமாக அட்டையில் சிகரெட் பிடித்துக்கொண்டே நின்றவனுக்கு அந்த சிகரெட்டே எமன். புதிதாக வந்தவர் எதையும் இடிக்கவில்லை, எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவும் இல்லை. ஏற்கெனவே கூடத்தில் கிடந்த பொருளைக் கையில் எடுத்தார். நல்ல புதுக் கூட்டணிக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது: வீட்டில் இருந்ததையே இதுவரை யாரும் பார்க்காத மாதிரி காட்டுவது.

அடுத்து 42ஆம் இதழ். இதை நான் முழுக்கச் சொல்லிவிடப் போகிறேன். வேண்டாம் என்றால் இரண்டு பத்தி தள்ளிப் போங்கள்.

கான்ஸ்டன்டைன் உதவி கேட்டு அயர்லாந்தில் இருக்கும் பிரெண்டன் என்ற பழைய நண்பனிடம் போகிறான். மந்திரம் தெரிந்தவன், பெருங்குடிகாரன். போனால் அவனே சாகக் கிடக்கிறான். குடித்துக் குடித்து ஈரல் போய்விட்டது. நல்ல மதுவுக்காக ஆன்மாவை எப்போதோ விற்றுவிட்டான். வாங்க வருகிறவன் சாதாரணப் பேய் இல்லை, நரகத்தின் பெரிய முதலாளி, சொர்க்கத்திலிருந்து விழுந்தவர்களில் முதல்வன். நள்ளிரவுக்குள் ஆன்மாவை எடுத்துப்போக வேண்டும் என்பது ஒப்பந்தம். கான்ஸ்டன்டைன் என்ன செய்கிறான்? மந்திரக்கோலை நீட்டவில்லை, கண்ணிலிருந்து ஒளி பாயவில்லை. வா, ஒரு கிளாஸ் அடிப்போம் என்று கூப்பிடுகிறான். நிலவறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கறுப்பு பீர் நிறைந்த ஒரு குளம். சாத்தானும் குடிக்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, அது பழைய புனித நீர். மெழுகுவர்த்தி எரியும்வரைதான் பீர். கான்ஸ்டன்டைன் வர்த்தியை அணைக்கிறான்.

நண்பன் தப்பிக்கிறான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இவன் சீக்கிரம் சாகப்போகிறவன். செத்தால் போவது அதே நரகம். போகப்போகும் வீட்டின் சொந்தக்காரனையே பகைத்துக்கொண்டுவிட்டான். சிரிப்பும் அடிவயிற்றில் குளிரும் ஒன்றாக வருகிறது. 46இல் முடியும் அந்தக் கதையில் இவன் புற்றுநோயிலிருந்து எப்படி மீள்கிறான் என்பதைச் சொல்லமாட்டேன். மருந்தால் இல்லை, பச்சைத் திருட்டுப் புத்தியால் என்பது மட்டும் போதும்.

இங்கே ஒரு சோதனை கிடைக்கிறது. மாந்திரீகக் கதை எதுவானாலும், புது ஆள் வந்ததும் முதல் இரண்டு மூன்று இதழில் கேளுங்கள்: மந்திரத்துக்கு விலை என்ன, கொடுப்பது யார்? ஹெல்பிளேசரில் விலையை எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கொடுப்பார்கள். முதல் இரண்டு இதழில் ஓடும் கதையில் போதைக்கார நண்பன் கேரி லெஸ்டர் கொடுத்தான். 1978இல் நியூகாசிலில் நடந்ததாகக் கதைக்குள் வரும் சம்பவத்தில் ஆஸ்ட்ரா என்ற சிறுமி கொடுத்தாள். நாயகனே கையைச் சுழற்றி எதிரியைப் பொசுக்கிவிட்டு, அடுத்த பக்கத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தால் அது வேறு தொடர். 2013இல் தொடரை நிறுத்தி, அவனை இளைஞனாக்கி, பதிப்பகமான டிசியின் சூப்பர்ஹீரோ உலகத்துக்குள் கொண்டுவிட்டபோது நடந்தது கிட்டத்தட்ட அதுதான். எழுதியவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் பறக்கிறவர்களும் இடியைப் பிடிக்கிறவர்களும் சுற்றி நிற்கும் இடத்தில் வாயாலேயே பிழைக்கிற ஒருவனுக்கு என்ன வேலை?

இதற்காகவே ஒரு காகிதம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு பக்கம் கடன், மறுபக்கம் பிணம். இவன் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான், இவனால் யார் செத்தார்கள். டாக்சி ஓட்டும் நண்பன் சாஸ், அக்கா ஷெரில், அவள் மகள் ஜெம்மா, காதலி கிட் என்று பெயர்கள் சேரும். புதுக் கதாசிரியர் வந்ததும் இந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தப் பெயரை எடுத்தார்? எதைத் தொடவே இல்லை? மைக் கேரி குடும்பத்தை எடுத்தார். ஷெரிலும் ஜெம்மாவும் வரும் பக்கங்களை நான் சாப்பாட்டு நேரத்தில் படிக்கமாட்டேன். மில்லிகன் காகிதத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார்: 275ஆம் இதழில் இவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பெண் எபிஃபனி, ரசவாதம் தெரிந்தவள், ஒரு ரவுடியின் மகள், இவனைவிட மிகவும் இளையவள்.

அந்தக் கல்யாணத்தை நான் முதலில் வெறுத்தேன். காரணம் மில்லிகன் இல்லை, நான்தான். எனக்கு முதலில் கிடைத்தது கேரியின் கான்ஸ்டன்டைன். யாருக்கும் முதலில் படித்தவன்தான் அசல். அப்புறம் வருகிறவன் எல்லாம் போலி என்று தோன்றும். இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கோபம் வந்தால், "இது கான்ஸ்டன்டைன் செய்யமாட்டான்" என்று சொல்லவருகிறோமா, "என் கான்ஸ்டன்டைன் செய்யமாட்டான்" என்று சொல்லவருகிறோமா என்று நிறுத்திப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் இன்னும் மூன்று இதழ் பொறுங்கள். நான் பொறுத்தேன். அறுபதை நெருங்கும் ஒருவன் கல்யாண மண்டபத்தில் நிற்கும்போது முகத்தில் இருக்கும் அசட்டுத்தனம் பிறகு பிடித்துப்போய்விட்டது.

வயதைப் பற்றிச் சொல்லவேண்டும். மற்ற காமிக்ஸ் நாயகர்கள் எப்போதும் முப்பது வயதில் நிற்பார்கள். கான்ஸ்டன்டைன் 1953 மே 10 அன்று பிறந்தவன். தொடர் ஓடிய வருடங்களோடு கூடவே வயதானவன். 1993இல் வந்த 63ஆம் இதழ் முழுக்க இவனுடைய நாற்பதாவது பிறந்தநாள். வெர்டிகோ என்ற முத்திரையோடு வந்த முதல் இதழும் அதுவே. பெரியவர்களுக்கான புது வரிசை என்று விளம்பரம் செய்துவிட்டு, உள்ளே பார்த்தால் குடித்துவிட்டுக் கும்மாளம் போடும் பிறந்தநாள் கூத்து. எனக்குப் பிடித்த குறும்பு அது.

இந்த வயதுதான் 2019இல் வந்த கூட்டணிக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கவேண்டும். கணக்குப்படி அறுபத்தாறு வயது. இளைஞனாக்கியதைப் பழைய வாசகர் ஏற்கவில்லை. கிழவனாக்கினால் புது வாசகர் வருவாரா? ஸ்பரியர் தொடருக்கு ஒரு மாதம் முன் வந்த தனி இதழில் இதைத் தீர்த்தார். உலகமே அழியும் ஒரு மந்திரப் போரில் சாகக் கிடக்கும் பழைய கான்ஸ்டன்டைனுக்கு ஒரு பேரம் வருகிறது. ஒப்புக்கொண்டு இன்றைய லண்டனில் வந்து விழுகிறான். பேரம் பேசி, காலத்தைத் தாண்டி, விலை என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டவன். கதைக்கு வெளியே இருந்த சிக்கலைக் கதைக்குள்ளேயே ஒரு கடனாக மாற்றிவிட்டார்கள். காகிதத்தில் புதிதாக ஒரு வரி எழுதவேண்டி வந்தது. அதனால் அந்தத் தனி இதழை விட்டுவிட்டு நேரே முதல் இதழுக்குப் போகாதீர்கள். நான் போனேன், பாதி நேரம் இவன் எங்கே இருந்து வந்தான் என்றே விளங்கவில்லை.

அந்தத் தொடரின் முதல் கதை நடப்பது தெற்கு லண்டனில் பெக்கம் ரை என்ற பூங்காவில். போதைமருந்து விற்கும் பையன்களை ஏதோ ஒன்று கொன்றுபோடுகிறது. அது தேவதூதர் மாதிரி இருக்கிறது. ஏன் அந்த இடம்? கவிஞர் வில்லியம் பிளேக் சின்ன வயதில் பெக்கம் ரையில் ஒரு மரம் நிறைய தேவதூதர்களைக் கண்டதாகச் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞன் தேவதூதர்களைக் கண்ட அதே இடத்தில் இன்றைக்குப் பையன்கள் பொட்டலம் விற்கிறார்கள். ஊர் தெரிந்தவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே இன்னொரு சோதனை: பேயை எடுத்துவிட்டுப் படியுங்கள். மீதி என்ன இருக்கிறது? டெலானோவில் தாட்சர் கால இங்கிலாந்து இருக்கும். ஸ்பரியரில் ஐரோப்பாவிலிருந்து விலகும் இங்கிலாந்து, வெளியாரைக் கண்டால் முறைக்கும் இங்கிலாந்து இருக்கும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தப் பேயும் வெறும் முகமூடிதான்.

படத்தைப் படிக்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கூட்டணி என்றால் கதாசிரியர் மட்டும் என்று நினைக்கிறோம். பேச்சும் முழுக்க அவரைப் பற்றியே இருக்கிறது. நான் செய்வது இது. புது ஆட்கள் வந்த முதல் இதழை வாங்கியதும் ஒரு எழுத்தும் படிக்காமல் கடைசிவரை புரட்டுவேன். கான்ஸ்டன்டைனின் கையை மட்டும் பார்ப்பேன். சிகரெட் எந்த விரலில், கோட்டுப் பையில் கை எப்போது போகிறது, பொய் சொல்லும்போது கை என்ன செய்கிறது. ஸ்டீவ் டிலன் வரைந்த ஆட்கள் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள்; பின்னணி காலி; ஆனால் புருவம் ஒரு இழை ஏறினால் நமக்குத் தெரியும். ஷான் பிலிப்ஸ் முகத்தில் பாதியை நிழலுக்குக் கொடுத்துவிடுவார். ஆரன் கேம்பெல்லின் மை ஈரச் சுவரில் படிந்த கறை மாதிரி இருக்கும். அதன்மேல் ஜோர்டி பெல்லயர் போட்ட நிறம் திடீரென்று ஒரு பக்கத்தில் கத்தும். வண்ணம் போட்டவர் பெயரையும் பாருங்கள். பாதி பயம் அவர் கையில்.

அசரெல்லோவைப் பற்றிப் பழைய வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இவனை அமெரிக்கச் சிறையில் போட்டார். ரிச்சர்ட் கார்பன் வரைந்த அந்த ஐந்து இதழ்களில் நமக்குப் பழக்கமான உள்மனப் பேச்சு கிடையாது. இவனை வெளியிலிருந்து, மற்ற கைதிகள் பார்க்கும் விதத்தில்தான் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் இவன் பயங்கரமான ஆள். இது வாசலைப் பெருக்கும் குடித்தனம் இல்லை. சுவரை இடிக்கும் குடித்தனம். ஆகவே இதை முதலில் படிக்காதீர்கள். இவனை நன்றாகப் பழகிய பிறகு படித்தால்தான் அந்த மௌனம் உறைக்கும்.

வாரன் எல்லிஸ் விஷயம் வேறு. 1999இல் பள்ளித் துப்பாக்கிச்சூடு பற்றி ஒரு கதை எழுதினார். அச்சுக்குப் போகும் சமயத்தில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நிஜமாகவே துப்பாக்கிச்சூடு நடந்துவிட்டது. மாற்றாமல் வெளியிடப் பதிப்பகம் மறுக்க, அவர் தொடரைவிட்டே போய்விட்டார். கதை 2010இல்தான் வெளிவந்தது. அவர் எழுதியது பத்து இதழ்தான். ஒரு கூட்டணி திடீரென்று அறுந்துபோனால் எப்போதும் எழுத்து சரியில்லை என்று அர்த்தம் இல்லை. ஸ்பரியர் தொடரும் பன்னிரண்டு இதழோடு 2020இல் நிறுத்தப்பட்டது. 2024இல் அதே கூட்டணி அமெரிக்காவில் நடக்கும் கதையோடு திரும்பி வந்தது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தொகுப்புகளில் பழைய பதிப்பு, புதுப் பதிப்பு என்று இரண்டு உண்டு. ஒரே தலைப்பு, ஆனால் உள்ளே இருக்கும் இதழ்கள் வேறு. 41 முதல் 46 வரை உள்ள கதை பழைய பதிப்பில் அதுமட்டும்; 2011க்குப் பிறகு எண் போட்டு வந்த வரிசையில் அதே தலைப்பில் முந்தைய இதழ்களும் சேர்ந்திருக்கும். நான் இரண்டையும் வாங்கி, ஒரே கதைக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தேன். தலைப்பைப் பார்க்காதீர்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பின்னட்டையில் பாருங்கள். 40 உள்ள புதுப் பதிப்பே நமக்கு வசதி.

எப்போது விடுவது? முதல் கதை முடியும்வரை பொறுங்கள், மூன்றிலிருந்து ஆறு இதழ். அதற்குள் இவன் யாரையாவது ஏமாற்றியிருக்கவேண்டும், அதற்கு யாராவது அழுதிருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் வாசல் வழியாகவே வெளியே வந்து அடுத்த வாசலுக்குப் போங்கள். முந்நூறில் நிறைய இருக்கிறது.

அக்கா மகன் நேற்று ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினான். 42 முடித்துவிட்டானாம். "சித்தி, அந்த மெழுகுவர்த்தி மொதல் பக்கத்துலயே எங்கயாவது இருக்கா? திரும்பிப் பாக்கணும்." போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.